ஒரே பெயர், வேறு போர்டு

திருப்பூர் ராயபுரத்தில் பழைய நிட்டிங் மிஷின் பார்க்க வருகிறவர் கம்பெனிப் பெயரோடு நிறுத்திக்கொள்ள மாட்டார். மேயர் ஆனாலும் ஃபுகுஹாரா ஆனாலும் நல்ல மிஷின்தான் என்று அவருக்குத் தெரியும். "எந்த வருச மேக்குங்க? என்ன டயா, என்ன கேஜு?" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். பிறகு குனிந்து தகட்டில் அடித்திருக்கும் நம்பரைப் படிப்பார். இரண்டு வருடம் தள்ளி வந்ததென்றால் உள்ளே பாகம் மாறியிருக்கும், ஸ்பேர் கிடைப்பது மாறும், விலையும் மாறும். பழைய அனலாக் சின்தசைசர்களைப் பற்றி எழுத உட்காரும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கேள்விதான். அந்தக் கருவிகளின் வரலாற்றை இதே கேள்வியை வைத்துத்தான் சொல்ல முடியும் என்று நம்புகிறேன்.

நிட்டிங் மிஷின்களின் ஸ்டாப்-மோஷன் போர்டும் இன்வெர்ட்டர் டிரைவும் பார்ப்பது என் பிழைப்பு. ரேடியோவும் டேப்ரிக்கார்டரும் பார்த்துக்கொண்டிருந்த காலத்திலிருந்தே மெல்லிசைக் குழுக்காரர்கள் ஆம்ப்ளிஃபயர், எக்கோ, கீபோர்டு என்று என்னிடம் தூக்கி வருவார்கள். மாரியம்மன் பொங்கல் நெருங்கினால் கடை வாசலில் பெட்டிகள் வரிசை கட்டும். அப்படித் திறந்து பார்த்ததில் கற்றது இது: மேலே ஒட்டியிருக்கும் பெயர் பாதிக் கதைதான். உள்ளே இருக்கும் போர்டைப் பார்த்தால்தான் அந்தக் கருவி ஏன் அந்த விலைக்கு வந்தது, ஏன் அப்படி ஒலிக்கிறது, ஏன் கெட்டுப்போகிறது என்பதெல்லாம் விளங்கும்.

அனலாக் சின்தசைசரின் வேலை சொல்வதற்கு எளிது. ஆசிலேட்டர் ஓர் ஒலியை எழுப்பும். ஃபில்டர் அதன் கூர்மையைச் சீவும். ஆம்ப்ளிஃபயர் அது எழும்பி அடங்கும் விதத்தைத் தீர்மானிக்கும். மூன்றையும் ஆட்டிவைப்பது மின்னழுத்தம். ராபர்ட் மோக் வகுத்த முறையில் ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறும். இதில் எண்கள் கிடையாது, கணினி கிடையாது. டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர், கண்டென்சர் மட்டும்தான். அதனால்தான் ஒரு பாகத்தை மாற்றினால் ஒலியே மாறிவிடுகிறது.

நம் நாட்டுக்கு மின்னிசை வந்த வழி மோக்குக்கும் முந்தியது. 1954-ல் வந்த 'நாகின்' இந்திப் படத்தில் பாம்பை ஆட்டிவைத்த அந்த மகுடி ஒலி, மகுடியிலிருந்து வரவில்லை. கிளாவியோலின் என்ற சிறிய மின் கீபோர்டில் கல்யாண்ஜி வாசித்தது. பிற்பாடு கல்யாண்ஜி-ஆனந்த்ஜி என்று பெயரெடுத்த இரட்டையரில் மூத்தவர் அவர். பாம்பு நடனம் என்றாலே அந்த ஒலிதான் என்று நாடு முழுவதும் பழகிப்போனது. நம் பக்கத்துத் திருவிழா மேடைகளிலும் கீபோர்டுக்காரரிடம் முதலில் கேட்கும் வித்தை அதுவாகத்தான் இருந்தது.

அசல் மோக் இந்தியாவில் இறங்கிய இடம், துணி ஊரில் பிறந்த எனக்குத் தனிப் பெருமை தருகிற இடம். 1969-ல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர், அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மாடுலர் மோக்கைப் பொருத்திக் கொடுத்தார். அந்த நிறுவனத்தை வளர்த்தெடுத்தவர்கள் காலிகோ மில் சாராபாய் குடும்பத்தார். அங்கே கீதா சாராபாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா, அதுல் தேசாய், ஐ.எஸ். மாத்தூர், எஸ்.சி. சர்மா ஆகியோர் 1972 வரை நாடாவில் பதிந்தவை பல ஆண்டுகள் கழித்துக் கண்டெடுக்கப்பட்டு, 2023-ல் இசைத்தட்டாக வெளிவந்தன. ஒரு ஆலை ஊரின் வடிவமைப்புப் பள்ளியில் நம்மவர்கள் பேட்ச் கம்பிகளைச் செருகி ஒலி தேடியிருக்கிறார்கள். திருப்பூரில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைக்கும்போது ஆதங்கமாக இருக்கிறது.

சினிமாவுக்கு வந்த வழி வேறு. பம்பாயில் இசைக்கலைஞர் கெர்சி லார்ட் எழுபதுகளில் மினிமோக்கைக் கொண்டுவந்தார். சென்னையில் மலையாளப் படங்களுக்கு இசை நடத்திய ஆர்.கே. சேகர் வெளிநாட்டு மின்னிசைக் கருவிகளைத் தேடித்தேடி வாங்கினார். 1976-ல் அவர் இறந்தபோது மகனுக்கு வயது ஒன்பது. அந்தக் கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. அந்த மகன் ஏ.ஆர். ரஹ்மான் என்பதால் இது எல்லாருக்கும் தெரிந்த செய்தியாகிவிட்டது. எனக்கோ இதில் இசையைவிட வாடகைதான் கண்ணில் படுகிறது. ஒரு கீபோர்டின் வாடகையில் ஒரு குடும்பம் சாப்பிட முடிந்தது என்றால் அதன் விலை என்னவாக இருந்திருக்கும்?

டாலரில் சொன்னால் நமக்கு உறைக்காது. பவுனில் சொல்கிறேன். மினிமோக் அமெரிக்காவில் 1,495 டாலர். 1971-ல் டாலர் 7 ரூபாய் 50 காசு என்பதால் ஏறக்குறைய 11,200 ரூபாய். அப்போது பவுன் 150 ரூபாயை ஒட்டி இருந்தது. ஆக, எழுபது பவுனுக்கு மேல். அந்த எழுபது பவுனுக்குக் கிடைத்தது ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரம் மட்டும் பேசும் பெட்டி. இரண்டு கட்டையைச் சேர்த்து அழுத்தினாலும் ஒன்றுதான் கேட்கும்.

1978 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ், பிராஃபெட்-5 கருவியைக் காட்டியது. ஐந்து சுரம் ஒன்றாகப் பேசும், நாற்பது ஒலிகளை நினைவில் வைத்திருக்கும். விலை 3,995 டாலர். நம் காசுக்கு 33,000 ரூபாயை நெருங்கும். அன்றைய கணக்கில் அறுபது பவுன். 1981-ல் ரோலண்டின் ஜூபிடர்-8 வந்தது. எட்டுக் குரல், 5,295 டாலர். தங்கம் அதற்குள் மளமளவென்று ஏறிவிட்டதால் முப்பது பவுனுக்குச் சற்று மேல். 1984-ல் ரோலண்ட் ஜூனோ-106, ஆறு குரல், 1,095 டாலர். எட்டே பவுன். தங்கம் ஏறியது இந்த இறக்கத்தில் பெரும்பங்கு என்பது உண்மை. ஆனால் டாலரிலேயே பாருங்கள்: ஆறு ஆண்டில் ஒரு குரலுக்கான விலை 800 டாலரிலிருந்து 180 டாலருக்குச் சரிந்திருக்கிறது. இந்தச் சரிவு எப்படி நடந்தது என்பதற்குப் பதில் மூடிக்குள்தான் இருக்கிறது.

இதெல்லாம் அமெரிக்கக் கடை விலை. 1991-க்கு முன் வெளிநாட்டுப் பொருளுக்கு நம் அரசு போட்ட சுங்கவரி சில இனங்களுக்கு 300 சதவீதத்தையும் தாண்டியது. லைசென்ஸ் தனி. முறைப்படி இறக்குமதி செய்து கீபோர்டு வாங்குவது மேடைக் குழுக்களால் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். அதனால் எல்லா வழியும் சிங்கப்பூருக்குப் போனது. போய்வருகிறவர் பெட்டியில் வரும், அல்லது சென்னை பர்மா பஜார் வழியாக வரும், அல்லது பம்பாய் சினிமா இசைக்காரர் ஒருவர் புதிது வாங்கியபின் பழையதைத் தள்ளிவிடுவார். பம்பாய் கிதார் கலைஞர் சரண்ஜித் சிங் தன்னுடைய ஜூபிடர்-8, டி.ஆர்.-808 தாளப்பெட்டி, டி.பி.-303 பாஸ் பெட்டி மூன்றையும் சிங்கப்பூரில் வாங்கிவந்துதான் 1982-ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிந்தார். ஹெச்.எம்.வி. வெளியிட்ட அந்தத் தட்டு அப்போது போகவில்லை. 2010-ல் மறுபதிப்பு வந்தபிறகு உலகமே திரும்பிப் பார்த்தது. சிகாகோவில் 1987-ல் 'ஆசிட்' என்று பெயர் வாங்கிய அதே 303 குமிழ்ச் சத்தத்தை, ஐந்து வருடம் முன்பே ஒருவர் பைரவியிலும் கலாவதியிலும் ஓட்டியிருக்கிறார்.

திருப்பூருக்கும் சிங்கப்பூர் வழிதான். 1978-ல் இத்தாலியிலிருந்து வெரோனா என்பவர் வந்து பனியன் ஆர்டர் கொடுத்த கதையிலிருந்து இந்த ஊர் மாறத் தொடங்கியது. எண்பதுகளின் நடுவில் முதலாளிகள் சிலர் வெளிநாடு போய்வர ஆரம்பித்தார்கள். கோயில் கமிட்டியில் இருக்கும் முதலாளிக்குத் தன் ஊர்க் குழு கோவைக் குழுவுக்குக் குறைந்துவிடக்கூடாது என்ற ரோஷம் இருந்தது. அந்த ரோஷத்தில் வந்திறங்கிய கீபோர்டுகள் உண்டு.

ஆனால் நான் முதன்முதலில் திறந்த அனலாக் பெட்டி அமெரிக்காவிலிருந்து வந்தது. மோக் ப்ராடிஜி. மினிமோக்கின் சிறிய தம்பி, இரண்டு ஆசிலேட்டர் மட்டும். எங்கள் பகுதிக் குழுவின் கீபோர்டு அண்ணனுக்கு அவருடைய உறவினர் கொண்டுவந்து கொடுத்தது. 110 வோல்ட் என்பதால் அதோடு ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரும் ஊர் ஊராகப் போகும். சித்திரை மாசம், தகர ஷீட் போட்ட பந்தல், மேடை விளிம்பில் 1,000 வாட் ஃபோகஸ் விளக்கு இரண்டு. சாயங்காலம் புல்லாங்குழலோடு சுருதி சேர்த்து வைத்தால் கடவுள் வாழ்த்து முடிவதற்குள் விலகிவிடும்.

"ஏங்கண்ணு, பொழுதோட சரியாத்தான வெச்சேன். இப்பப் பாரு, குழலு ஒரு பக்கம் போவுது, இது ஒரு பக்கம் போவுது."

"போர்டு சூடாகுதுங்ணா. லைட்டத் தள்ளி வெக்கச் சொல்லுங்க."

அவர் ஒரு கையால் வாசித்துக்கொண்டே மறுகையால் டியூன் குமிழைத் திருப்பிக்கொண்டிருப்பார். பாட்டுக்குப் பாட்டு இது நடக்கும். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் இடையிசையில் அவர் கை குமிழுக்குப் போய்த் திரும்புவதை மேடைக்குக் கீழிருந்து பார்த்திருக்கிறேன். அந்தத் திறமைக்கு அவருக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை.

இந்தச் சூட்டுக்குக் காரணம் உண்டு. வோல்டைச் சுரமாக மாற்றும் இடத்தில் ஒரு ஜோடி டிரான்சிஸ்டர் இருக்கும். டிரான்சிஸ்டரின் குணம் வெப்பத்தோடு மாறும். சூடு ஏறினால் ஒரு வோல்டுக்கு ஒரு ஸ்தாயி என்ற கணக்கே தவறும். கீழ் ஸ்தாயியில் சேர்ந்தது மேலே சேராது. மினிமோக்கின் பதினோரு வருட உற்பத்தி முழுக்க இந்தச் சூட்டோடு நடத்திய போராட்டம் என்றே சொல்லலாம். 1970-ல் நியூயார்க் மாநிலத்தின் ட்ரூமன்ஸ்பர்க்கில் பில் ஹெம்சாத் என்ற பொறியாளர் மிச்சம் மீதி பாகங்களைச் சேர்த்து முதல் மாதிரியைக் கட்டினார். ஆரம்பத்தில் வந்த கருவிகளின் ஆசிலேட்டர் போர்டு சுருதி நிற்காததற்குப் பேர்போனது. பிறகு போர்டைத் திருத்தினார்கள். 10175-ஆம் வரிசை எண்ணை ஒட்டி வந்த கடைசி வடிவத்தில் யு.ஏ.726 என்ற ஐ.சி.யைப் போட்டார்கள். அதன் யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். அந்த ஐ.சி.க்குள்ளேயே ஒரு ஹீட்டர் இருக்கிறது. தன்னைத்தானே ஒரே சூட்டில் வைத்துக்கொள்ளும். வெளியே பனி பெய்தாலும், தகரப் பந்தல் கொதித்தாலும் டிரான்சிஸ்டருக்குத் தெரியாது. சூட்டை விரட்ட முடியாதபோது சூட்டையே நிலையாக்கிவிட்டார்கள்.

ஆனால் வாசிப்பவர்களில் பலர் பழைய போர்டைத்தான் தேடுகிறார்கள். மூன்று ஆசிலேட்டரும் நூல் பிடித்தாற்போல் நிற்காமல் கொஞ்சம் விலகி விலகி ஓடுவதால் ஒலி தடிமனாக இருக்கிறது என்கிறார்கள். அது உண்மைதான், காதால் கேட்கலாம். ஆனால் சித்திரை மாசப் பந்தலில் அதை வைத்து வாசித்தவர்களிடம் கேட்டால் புதிய போர்டுக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள். நானும் அவர்கள் கட்சி.

பிராஃபெட்-5 கதை இதைவிடத் தெளிவானது. முதல் வடிவத்தில் 182 கருவிகள், கையால் கட்டியவை, போக்குவரத்தில் அலுங்கினாலே நின்றுவிடும். இரண்டாம் வடிவம் உறுதியானது, சுமார் ஆயிரம் வந்தது. இந்த இரண்டுக்கும் ஆசிலேட்டர், ஃபில்டர் எல்லாம் எஸ்.எஸ்.எம். கம்பெனியின் ஐ.சி.க்கள், டேவ் ராசம் வடிவமைத்தவை. அந்த ஐ.சி.க்கள் நம்பகமாக இல்லை. 1980-ல் வந்த மூன்றாம் வடிவத்தில் சீக்வென்ஷியலின் டேவ் ஸ்மித் அவற்றை ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிட்டு டக் கர்டிஸின் சி.இ.எம். ஐ.சி.க்களுக்கு மாறினார். முன்பக்கம் அதே பலகை, அதே பெயர், ஏறக்குறைய அதே குமிழ்கள். உள்ளே வேறு கருவி. 1984-ல் உற்பத்தி நிற்கும்வரை மொத்தம் சுமார் 6,000 விற்றதில் பெரும்பாலானவை மூன்றாம் வடிவம்தான். சுருதிக்கு அவர் கண்ட வழியும் வேறு: உள்ளே இசட்-80 பிராசசர் இருக்கிறது, டியூன் பட்டனை அழுத்தினால் அது பத்து ஆசிலேட்டரையும் ஒவ்வொன்றாக அளந்து சரிசெய்துவிடும். எங்கள் கீபோர்டு அண்ணனின் இடக்கை செய்த வேலை.

ஜூபிடர்-8 விஷயத்தில் ஜப்பானியர்கள் சத்தமில்லாமல் இதையே செய்தார்கள். ஆரம்பக் கருவிகளில் கட்டளையை வோல்டாக மாற்றும் பகுதி 12 பிட், பிற்பாடு 14 பிட். சுருதி இன்னும் நுணுக்கமாக நின்றது. மேலே பெயர் மாறவில்லை. வரிசை எண்ணைப் பார்க்காமல் வாங்குகிறவருக்கு எது கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

டி.ஆர்.-808 தாளப்பெட்டிக்கு வந்த முடிவைச் சொல்லாமல் விட முடியவில்லை. 1980-ல் வந்தது, 1,195 டாலர், சுமார் 12,000 விற்றது. அதற்கே உரிய அந்தச் சீறலுக்கு ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ காகேஹாஷி, சோதனையில் தேறாமல் கழித்துப்போட்ட டிரான்சிஸ்டர்களைப் பொறுக்கி வாங்கினார். செமிகண்டக்டர் தொழிற்சாலைகள் தரத்தை உயர்த்திக்கொண்டே போனதில் ஒரு கட்டத்தில் பழுதான சரக்கே கிடைக்காமல் போனது. 1983-ல் 808 நின்றுபோனது. உலகத்தில் பாதிப் பாட்டில் இன்று கேட்கும் தாளத்தைத் தந்த கருவி நின்றதற்குக் காரணம், யாரோ ஒரு தொழிற்சாலையில் வேலை சுத்தமாக நடந்தது!

இனி நான் கைவைத்து நன்றாக அறிந்த கருவிக்கு வருகிறேன். ரோலண்டின் ஜூனோ வரிசை.

1982-ல் ஜூனோ-6 ஜப்பானில் 1,69,800 யென். நினைவகம் கிடையாது. ஒலியை அமைத்து வாசிக்க வேண்டும், அடுத்த பாட்டுக்கு மறுபடி அமைக்க வேண்டும். சில மாதங்களிலேயே ஜூனோ-60 வந்தது, 56 ஒலிகளை நினைவில் வைத்தது, விலை 2,38,000 யென். நினைவாற்றலுக்கு மட்டும் 68,000 யென்னுக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. 1984-ல் ஜூனோ-106: 128 ஒலிகள், மற்ற கருவிகளோடு பேச மிடி வசதி, விலை 1,39,800 யென். நினைவே இல்லாத 6-ஐவிட மலிவு. ஆசிலேட்டரைக் கடிகாரத் துடிப்பால் கட்டிப்போட்டுவிட்டதால் சூடு, குளிர் எதற்கும் சுருதி அசையாது. பந்தல் மேடைக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் 106 எப்படி மலிவானது? ஜூனோ-60-ன் மூடியைத் திறந்தால் ஃபில்டருக்கு ஒரு ஐ.சி., ஆம்ப்ளிஃபயருக்கு ஓர் ஐ.சி., சுற்றிலும் ரெசிஸ்டர், கண்டென்சர் என்று எல்லாம் போர்டில் விரிந்து கிடக்கும். எது கெட்டாலும் கழற்றி மாற்றலாம். 106-ல் அதே ஃபில்டர் ஐ.சி.யின் சிறிய வடிவத்தையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரு சின்ன செராமிக் பட்டையில் சேர்த்து, மேலே கறுப்பு எப்பாக்ஸி பூசி, 80017ஏ என்று நம்பர் போட்டுவிட்டார்கள். ஒரு குரலுக்கு ஒன்று, ஆக ஆறு. கூலி மிச்சம், இடம் மிச்சம், நேரம் மிச்சம். அந்த எப்பாக்ஸிதான் பிற்பாடு வினையானது. வருடங்கள் போகப்போக அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கசியவிட ஆரம்பித்தது. ஒரு குரல் கரகரக்கும், இல்லையென்றால் அழுத்திய கட்டையை விட்டபின்னும் ஒலி அடங்காது, இல்லையென்றால் ஊமையாகிவிடும். ஆறு கட்டை அழுத்தினால் ஐந்துதான் பேசும். மலிவாக்கிய அதே பாகம்தான் கொன்றது.

எது கெட்டது என்று கண்டுபிடிக்க ரோலண்டே ஒரு வழி வைத்திருக்கிறது. கீ-டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திக்கொண்டே பவர் போட்டால் சோதனை நிலைக்குப் போகும். ஒவ்வொரு கட்டையை அழுத்தும்போதும் எத்தனையாவது குரல் பேசுகிறது என்று சிவப்பு எழுத்தில் காட்டும். கெட்ட எண்ணைக் குறித்துக்கொள்வேன். பின் கால்களில் ஈயத்தை உறிஞ்சி எடுத்து, அந்த 80017ஏ-வை மெதுவாகக் கழற்றுவேன். அவசரப்பட்டால் போர்டின் செம்புத் தடமே பெயர்ந்து வந்துவிடும். பிறகு கண்ணாடிக் குப்பியில் அசிட்டோன் ஊற்றி அதில் போட்டு, மூடி வைத்துவிட வேண்டியதுதான். அசிட்டோனுக்கு அலைய வேண்டியதில்லை, பிரிண்டிங் யூனிட்டுகளுக்குக் கெமிக்கல் விற்கிற கடையில் கிடைக்கும். ஓரிரு நாளில் எப்பாக்ஸி ஊறித் தளர்ந்து நிற்கும். பல் குத்தும் குச்சியால் ஓரத்தில் நெம்பினால் ஒரே தோலாக உரிந்து வரும். உள்ளே எறும்பளவு பாகங்கள் வெள்ளைப் பட்டையில் பளிச்சென்று தெரியும். நாற்பது வருடத்துக்கு முந்தைய ஃபில்டர், ஒரு கீறல் இல்லாமல். காயவைத்துத் திரும்பப் பொருத்தினால் பெரும்பாலும் பேசிவிடும். அந்த முதல் சுரம் கேட்கும்போது வருகிற சந்தோஷத்துக்காகவே இந்த வேலையை விடாமல் செய்கிறேன்.

திருப்பூருக்கென்றே ஒரு பழுதும் உண்டு. பஞ்சுத் தூசி. எங்கள் ஊர்க் காற்றிலேயே அது இருக்கிறது. ஜூனோவின் முகப்பில் வரிசையாக இருக்கும் ஸ்லைடர்களின் நீளத் துவாரம் வழியாக இறங்கி, உள்ளே கார்பன் தடத்தின் மேல் மெத்தையாகப் படிந்துவிடும். ஃபில்டர் ஸ்லைடரை நகர்த்தினால் கரகரவென்று கத்தும். கட்டைகளுக்கு அடியில் உள்ள தொடர்பிலும் படிந்து, சில சுரங்கள் இரண்டு தடவை அழுத்தினால்தான் பேசும். பனியன் கம்பெனிக்குப் பக்கத்து வீட்டில் இருந்த கீபோர்டுக்கும் கோவையிலிருந்து வரும் கீபோர்டுக்கும் மூடியைத் திறந்ததுமே வித்தியாசம் தெரிந்துவிடும். சாயம்போட்ட துணி ஓடும் இடமென்றால் தூசியிலேயே நிறம் இருக்கும்.

106-ஐப் பற்றி இன்னொன்று. அதன் 128 ஒலிகளைச் சாதாரண கேசட்டில் சேமிக்கலாம். பின்பக்கம் டேப் ஜாக் இருக்கிறது. டேப்ரிக்கார்டரை இணைத்து சேவ் கொடுத்தால் கீச்சென்ற ஓர் ஓசையாக எல்லாம் நாடாவில் ஏறும். சினிமாப் பாட்டு கேசட்டுகளுக்கு நடுவில் 'ஜூனோ சவுண்டு, யாரும் எடுக்காதே' என்று பேனாவில் எழுதிய கேசட் எங்கள் குழுவில் இருந்தது. உள்ளிருக்கும் பேட்டரி தீர்ந்தால் கருவி எல்லாவற்றையும் மறந்துவிடும் என்பதால் அந்தக் கேசட்டைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாதுகாத்தார்கள்.

இதெல்லாம் அனலாக்கின் கடைசிக் காலம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. 1983-லேயே யமஹா டி.எக்ஸ்.7 வந்துவிட்டது, 1,995 டாலர், பதினாறு குரல், முழுக்க எண்களால் ஓடுவது. சூடாவதும் இல்லை, சுருதி விலகுவதும் இல்லை. மணி ஓசையும் எலக்ட்ரிக் பியானோவும் அதில் வந்த மாதிரி அதற்கு முன் எதிலும் வந்ததில்லை. 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா யமஹாவின் சி.எக்ஸ்.5எம் இசைக் கணினியைப் பயன்படுத்தினார். அதை இயக்கியவர் அப்போது அவர் குழுவில் கீபோர்டு வாசித்த இளைஞர் ரஹ்மான். அந்தப் பாட்டுகளின் ஓசைக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்று ஊர்க் குழுக்கள் எல்லாம் டிஜிட்டலுக்குத் தாவின. ப்ராடிஜி பரணுக்குப் போனது. அமெரிக்காவிலும் அதே கதைதான். கேட்பாரற்றுப் போன 303-களையும் 808-களையும் அடிமாட்டு விலைக்கு வாங்கிய ஏழைப் பையன்கள்தான் சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் புது இசையை உண்டாக்கினார்கள். 395 டாலருக்கு வந்து யாருக்கும் வேண்டாமல் போன 303 இன்று ஆயிரக்கணக்கான டாலர். ஜூபிடர்-8 பத்தாயிரம் டாலரையும் தாண்டிவிட்டது.

கம்பெனிகளும் திரும்பி வந்தன. மோக் 2016-ல் மினிமோக்கை மீண்டும் செய்தது, 3,499 டாலர். இரண்டு வருடத்தில் பெரிங்கர் அதே சர்க்யூட்டை 300 டாலரை ஒட்டிய விலைக்குக் கொடுத்தது. எனக்கு மிகவும் பிடித்தது 2020-ல் டேவ் ஸ்மித் செய்தது. பிராஃபெட்-5-ன் நான்காம் வடிவத்தில் ராசமின் ஃபில்டரையும் கர்டிஸின் ஃபில்டரையும் இரண்டையுமே வைத்து, நடுவில் ஒரு ஸ்விட்ச் போட்டார். ஒன்று, இரண்டாம் வடிவமா, மூன்றாம் வடிவமா, வாசிக்கிறவரே தேர்ந்துகொள்ளலாம். சுருதி எவ்வளவு விலக வேண்டும் என்பதற்கும் ஒரு குமிழ். அதில் நான்கிலிருந்து ஒன்று வரை எண். ஒன்றில் வைத்தால் அந்த முதல் 182 கருவிகளின் தள்ளாட்டம் வரும். நாற்பத்திரண்டு வருடம் முன்பு அவர் தலைவலியாக நினைத்துத் துரத்தியதை இப்போது காசு கொடுத்து வாங்குகிறார்கள். அவர் 2022-ல் காலமானார்.

நம் பக்கத்துக் கருவிகளைப் பற்றி இப்படி எண், வருடம், வடிவம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எந்தப் படத்தில் எந்தச் சுருதிப் பெட்டி, எந்த ஊர் மேடையில் எந்தக் கீபோர்டு என்பதெல்லாம் வாசித்தவர்கள் நினைவில் மட்டும் இருக்கிறது. அவர்களுக்கும் வயதாகிறது. கீபோர்டுகளோ பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போகின்றன. பரணில் ஒன்று கிடந்தால் போடுவதற்கு முன் பின்பக்கத் தகட்டை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், யார் எங்கிருந்து என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். நான் என் பங்குக்குச் செய்வது இது: ஒரு கருவியை மூடுவதற்கு முன், எந்த ஐ.சி.யை எந்தத் தேதியில் மாற்றினேன், எந்தக் குரல் இன்னும் அசல், எதில் எப்பாக்ஸி உரித்தது, பேட்டரி எப்போது போட்டது என்று ஒரு சீட்டில் எழுதி, மூடியின் உட்பக்கத்தில் ஒட்டிவிடுகிறேன். அடுத்துத் திறக்கிற மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு மீட்டரைக் கையிலெடுக்கலாம்.